பேச்சியம்மா அத்தைக்குக் கிடைக்காத காற்று

அத்தையோடு பட்டாசுக் கம்பெனி வேனில் போய்வந்த அக்காமாரே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பா கண்ணில் மட்டும் படவே கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பக்கத்துப் பிள்ளைகள் உடனே, "எந்தக் கம்பெனியில?" என்றார்கள். நம் பக்கம் அப்படித்தானே கேட்பார்கள். வெடி விபத்து இல்லை, அத்தை மூச்சுத் திணறி இறந்துவிட்டார் என்றதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்பாவின் அக்கா அவர். எங்கள் வீட்டில்தான் இருந்தார். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்திச் செலுத்தி, அந்தத் தூளால் நுரையீரல் கெட்டுப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் அக்கா, வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டே இதையும் செய்யச் சொன்னார்: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். திணறினால் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். முகத்தில் காற்றுப் பட வேண்டும். முடிந்தவரை நடக்க வேண்டும்.

அத்தை தினமும் செய்தார். "ஏ புள்ள, இல்லாத கஞ்சிய ஊதி ஊதி ஆத்துறேன். ஒனக்கும் ஒரு கிளாசு வேணுமா?" என்பார். தண்ணீர்த் தொட்டிவரை நடந்து வருவார். இருக்கன்குடிக் கோயில் கடையில் பேட்டரியில் ஓடும் கை ஃபேன் ஒன்றை அவரே பேரம் பேசி வாங்கினார். அதை முகத்துக்கு நேரே பிடித்தால், "நெஞ்சுல ஏறி உக்காந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்" என்பார்.

சளி உள்ள ஆளுக்குக் காற்று ஆகாது என்பார் அப்பா. சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தானே சொல்கிறேன் என்றால், படிக்கிற திமிர் என்றார்கள். எத்தனை தடவைதான் சொல்வது?

அன்று காலை திணறல் கூடியது. ஆட்டோ வருவதற்குள் தெருவே கட்டிலைச் சுற்றி நின்றது. அப்பா ஜன்னலைச் சாத்தினார். மேலே ஓடிய ஃபேனை நிறுத்தினார். அத்தையை மல்லாக்கப் படுக்க வைத்தார். அத்தைக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்து விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. கை ஃபேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"ஏட்டி, அத்தைக்குக் குளிருது. கை நடுங்குறது தெரியல?"

அத்தையை ஆட்டோவில் ஏற்றினார்கள். என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார்கள்.

காரியம் முடிந்த அன்று எல்லோர் முன்னாலும், "இவதான் காத்துக் காட்டிக் காட்டியே அக்கா ஒடம்பக் கெடுத்துட்டா" என்றார் அப்பா. கை ஃபேனைக் குப்பையில் போட்டார். நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். தெரிந்தால் என்ன செய்வாரோ.

அந்தக் காற்றுப் பட்டிருந்தால் அத்தை பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்டது அதைத்தான். அதைக்கூடக் கொடுக்க விடவில்லையே.

அப்பாவுக்கும் அதே கம்பெனி, அதே வேலை. இப்போது அவரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று நின்றுதான் வருகிறார். ஆள் வந்தால் போனைப் பார்ப்பதுபோல் நிற்கிறார். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னால் எரிந்து விழுகிறார். அக்காமாரே, உங்களுக்கும் மூச்சு வாங்கினால் மறைக்காதீர்கள். ஜன்னலைச் சாத்த விடாதீர்கள்.

அத்தையுடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கை ஃபேன் மட்டும்தான். இதை அப்பாவிடம் நீட்ட எனக்குப் பயமாக—

கதவைத் தட்டுகிறார்கள். கூப்பிடும் குரல் இல்லை. அப்பா மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்கிறது. கை ஃபேனை எடுத்துக்கொண்டு போகிறேன்.