எண்ணெய்க்குக் கிடைத்த வெயில்

இரண்டாவது பிள்ளை பிறந்தபின் எனக்கு இடுப்பெலும்பில் தீராத வலி. சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. நடந்தால் தாரா வாத்தைப் போல ஆடுவேன். "சோம்பலுக்கு வலின்னு ஒரு பேரா, ஏட்டி?" என்பார் மாமியார். சோம்பலாம்! தேங்காப்பட்டணத்து அந்த வீட்டில் நான் அரைத்த மிளகாய்க்கு அம்மியே குழிந்துபோனது. அந்த அம்மி என் உம்மா வீட்டுச் சீர். சரி, அது கிடக்கட்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து வைத்தியர் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடி பார்த்தார்.

"பிள்ளே, நீ வெயிலு கண்டு எத்தன நாளாச்சு?"

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த வில்வண்டிக்கும் திரைதான். "நாலு வருசம்" என்றேன்.

"எலும்பு மெழுகா எளகுது" என்றார். கேழ்வரகுக் கூழ், முள்ளோடு நெத்திலி, மல்லாந்து படுத்து மூச்சை இழுத்தபடி காலை மெல்ல உயர்த்தும் ஆசனம். கடைசியாக, நல்லெண்ணெய் தேய்த்துக் காலை வெயிலில் ஒரு நாழிகை.

"முற்றத்துலயா? தென்னையேறுதவன் மேல இருந்து பாப்பானே!" என்றார் மாமியார்.

"அவன் மாசத்துல ஒரு நாளு வருவான், உம்மா. வெயிலு தெனமும் வருமே" என்றார் வைத்தியர்.

மாமியார் எல்லாம் குறைவில்லாமல் செய்தார், வெயிலைத் தவிர. அதற்கும் ஒரு வழி கண்டார்! எண்ணெய் நிறைந்த பரணிச் சாடியைப் பகலெல்லாம் முற்றத்தில் வைத்துவிட்டு, இருட்டறைக்குக் கொண்டுவந்து என் இடுப்பில் தேய்த்தார்.

"வெயிலெல்லாம் எண்ணெயில ஏறிட்டு, மக்கா. உனக்குத் தனியா எதுக்கு?"

ஒரு மாதம் பரணி வெயில் காய்ந்தது. பக்கத்தில் கருவாடு காய்ந்தது. நான் இருட்டில் கால் தூக்கிக் கிடந்தேன். ஒருநாள் தொட்டிலில் பிள்ளை அழுகிறது, என்னால் எழுந்து எடுக்க முடியவில்லை. வந்ததே கோபம்! தவழ்ந்து போய்ப் பரணிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, உள்ள வா!"

"மொதல்ல கருவாட்ட உள்ள எடுங்க மாமி, பின்னால நான் வாறேன்."

மாமியார் தென்னை உச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கயிறு கட்டி நாலு பக்கமும் போர்வை தொங்கவிட்டார். மேலே மூட ஐந்தாவதை எடுத்தாரே, அப்போது நான் போட்ட கூச்சல் அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மேல் திறந்த அந்த மறைப்புக்குள் தினமும் வெயில் காய்ந்தேன். சில மாதங்களில் சுவரைத் தொடாமல் எழுந்து பிள்ளையைத் தூக்கினேன். பார்க்க வந்த அயல்வீட்டுப் பெண்களிடம் மாமியார் சொல்கிறார்: "எல்லாம் நான் தேச்ச எண்ணெயாக்கும்!"

"ஆமா மாமி" என்றேன், பிள்ளையை இடுப்பில் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு. "இனி பாய மட்டும் வெயில்ல காயப்போட்டு, அவிச்ச நெல்ல இருட்டறையில அந்தப் பாயில விரிச்சுப் பாருங்க, காயுதான்னு!"