சீட்டுக்கட்டில் ஒரு டவுட்

முதல் பரீட்சையன்று பேராசிரியர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏதோ மறந்துபோய்ப் போகிறார் என்று நினைத்து நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. ஒருவரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவும் இல்லை. ஒருவன் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து மீதியை எழுதினான். முடித்ததும் எல்லோரும் தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தப் பரீட்சையில் நான் யாருக்கும் உதவவில்லை, யாரிடமும் உதவி பெறவும் இல்லை. அறுபதுகளில், அமெரிக்காவின் தெற்கே, செங்கல் கட்டடங்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. யாருக்கும் உதவவில்லை என்று ஒருவன் பெருமையாக எழுதிக் கொடுப்பதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

செஞ்சியில் நான் படித்த பள்ளியில் சூப்பர்வைசர் பெஞ்சு பெஞ்சாக நடப்பார். வேட்டி மடிப்பை உதறிக் காட்டச் சொல்வார். ஜன்னல் வழியே ராஜகிரி தெரியும், அந்தப் பக்கம் கண் போனால்கூட, "மலையிலயாடா எழுதி வெச்சிருக்குது?" என்பார். அவர் முதுகைத் திருப்பியதும் பேப்பரைச் சாய்த்துக் காட்டுகிறவன்தான் எங்களுக்கு நல்லவன். காட்டாதவனோடு அப்புறம் யாரும் சேர மாட்டார்கள். வாத்தியாரிடம் போய்ச் சொல்கிறவனுக்கு நாங்கள் வைத்திருந்த பேர் இங்கே எழுதும்படியானதல்ல.

புதிய இடத்திலோ ஏமாற்றுகிறவனைக் கண்டால் சொல்வது கடமை. விசாரிக்கிறவர்களும் மாணவர்களே. ஹானர் கமிட்டி என்று பெயர். பேராசிரியர்கள் அந்த அறைக்குள் வர முடியாது. குற்றம் என்று தீர்ந்தால் தண்டனை ஒன்றுதான், பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டும். என் இரண்டாம் ஆண்டில் என்னை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிநாட்டு மாணவன் ஒருவன் அதில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் பெருமையாக எழுதினேன். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த என் நைனா, "அவ்ளோ தூரம் போயி மானத்துக்கு ஒரு கமிட்டியா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். தம்பி எழுதியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது.

அதே வருஷம் தொண்டூரிலிருந்து தரணேந்திரன் வந்து சேர்ந்தான். எங்கள் கடையில் சாமான் வாங்கும் சமணக் குடும்பத்துப் பிள்ளை, கணக்கில் புலி. மனுப் போட வழி சொன்னவனே நான்தான். பொழுது இறங்கிய பிறகு அவன் சாப்பிட மாட்டான். குளிர்காலத்தில் விடுதிச் சாப்பாட்டுக் கூடம் திறப்பதற்குள் இருட்டிவிடும். ரொட்டியும் ஆப்பிளுமாகக் காலம் தள்ளினான். "இன்னாண்ணா ஊரு இது, சூரியனுக்கே இங்க வேலை செய்யப் புடிக்கல போலக்குது" என்பான். அந்த ஊரில் என்னை அண்ணா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருந்தான்.

நிகழ்தகவுப் பாடத்தில் அவனுக்கு ஒரு பரீட்சை, அறைக்கு எடுத்துப்போய் எழுதுவது. மூன்றாம் கேள்வி சீட்டுக்கட்டைப் பற்றியது. ஒரே 'சூட்'டில், அதாவது ஸ்பேட், ஹார்ட் போல ஒரே வகையில், சில சீட்டுகள் வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். சூட் என்றால் அவனுக்குக் கோட்டு சூட்டுதான் தெரியும். அடுத்த அறையிலிருந்த வகுப்புத்தோழன் ரிச்சர்டின் கதவைத் தட்டிக் கேட்டான். ரிச்சர்டும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது பரீட்சைக் கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. "இதை நான் கமிட்டிக்குச் சொல்லியாக வேண்டும், வருந்துகிறேன்" என்று தரணேந்திரனிடமே சொல்லிவிட்டு மறுநாள் எங்களிடம் வந்தான்.

கேள்வியில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்டால் குற்றமில்லை, விடை கேட்டால் குற்றம். எது நடந்தது என்று கமிட்டிதான் தீர்க்க வேண்டும். விசாரணையில் தரணேந்திரன் தன் ஆங்கிலத்தில், அதாவது எங்கள் இருவரின் ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு டவுட் இருந்தது. ரிச்சர்ட் கிளியர் பண்ணினான்" என்றான். நமக்கு டவுட் என்றால் தெரியாத ஒன்றைக் கேட்பது. அவர்களுக்கோ அது நம்பிக்கையின்மை. தலைவனாக இருந்த மாணவன் நிமிர்ந்து, "அப்படியென்றால் விடையில் டவுட் வந்துதான் அவனிடம் போனாய்?" என்று கேட்டான். "ஆமாம், டவுட் வந்தது, போனேன்" என்று இவன் வேகமாகத் தலையாட்டினான். போட்ட விடையை ஒத்துப் பார்க்கப் போனதாக ஒப்புக்கொண்டுவிட்டான் என்று மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு, எத்தனை வகை என்பதை மட்டும்தான் கேட்டான் என்று ரிச்சர்ட் சொன்னபோது ஒருத்தி சிரித்தேவிட்டாள். கணிதம் படிக்க வந்தவனுக்குச் சீட்டுக்கட்டு தெரியாதா?

தரணேந்திரன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்: "அண்ணா, எங்கூட்ல சீட்ட தொட மாட்டோம்னு உனுக்குத் தெரியும்ல. நீயே சொல்லுண்ணா."

எனக்குத் தெரியும். சிறுவயதில் கடைக்குப் பின்னால் சாக்கு மூட்டைமேல் நாங்கள் ரம்மி ஆடுவோம். ஒருநாள் அவன் நின்று பார்த்ததற்கு அவன் அப்பா, "அத்த இன்னாடா பாக்குற, வா" என்று அவன் முகத்தைக் கையாலேயே திருப்பி இழுத்துப்போனார். சூது அவர்கள் வீட்டில் வாயில்கூட வராத சொல். ஆனால் நான் அவனைப் பார்த்து, "தயவுசெய்து ஆங்கிலத்தில் பேசு" என்றேன், ஆங்கிலத்தில். தலைவன் என்னிடம் கேட்டான்: "நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். சீட்டே தெரியாமல் ஒருவன் அங்கே வளர முடியுமா?"

"எங்கள் ஊரில் சீட்டுக்கட்டு கிடைக்கும். என் அப்பா கடையிலேயே விற்கிறோம்" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஊர்க்காரனுக்குப் பரிந்து பேசினான் என்று அந்த மேஜையில் யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. அது நேர்மை என்றே அன்று நம்பினேன். குற்றம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். பொய்யைக் கண்டுபிடிப்பதற்கென்று கூடிய அந்த அறையில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான். பிறகாவது கமிட்டிக்கு உண்மையை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஊருக்குத் திரும்பும் அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே போட்டுவிட்டு, "கடைக்குப் போனா நைனா கேப்பாரு. இன்னா சொல்லட்டும்ணா?" என்றான். அவன் என்ன சொன்னான் என்பது, சில வருஷம் கழித்து நான் ஊருக்குப் போனபோது தெரிந்தது. நைனா வெல்லம் நிறுத்துக்கொண்டே, "குளிரு ஒத்துக்கலையாமே அவுனுக்கு. நீதான் கூட இருந்து பாத்துக்கினியாம். வந்தான்னா உன்னப் பத்திதான் பேச்சு" என்றார். நான் பொட்டலம் கட்ட நூலை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தத் தடவையே அவனைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களுக்கு ஜனம் முண்டிக்கொண்டிருந்தது. அவன், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளோடு ஓர் ஓரமாக நின்றிருந்தான். "தரணேந்திரா, அன்னைக்கி நான்..." என்று தொடங்கினேன்.

"உடுண்ணா. அது உங்க ஊரு ரூல்ஸு. நீ இன்னா பண்ணுவ?" என்றான். குரலில் குத்தல் இல்லை. மூட்டையைத் தூக்கிவிட ஆளைக் கூப்பிட்டுவிட்டு, "சரி, ஊருக்கு எப்போ கெளம்புற?" என்று கேட்டான். நான் பிறந்த வீடு அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அவன் சொன்ன ஊரிலேயே நான் பேராசிரியராகி, கிழவனாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். வேலையில் இருந்தவரை, பரீட்சை நாட்களில் நான் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்று கேட்பேன். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு வெளியே வந்துவிடுவேன். விதி அதுதான். ஆனால் அறைக்குப் போக மனம் வராது. வராந்தாவில், பாதி திறந்த கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், யாராவது எதையாவது கேட்க எழுந்து வருவார்களோ என்று. தரை துடைக்க வரும் கிழவருக்கு அந்த நாற்காலி எப்போதும் இடைஞ்சல். "புரொஃபசர், ஒன்று உள்ளே போங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்" என்பார். நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு வழிவிட்டு, மறுபடி அங்கேயே உட்கார்ந்துகொள்வேன்.