சனோபர் பூட்டிவைத்த கல்யாணப் படங்கள்

மறைக்க ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறைக்கிறாள் என்று நல்லகாமன் கேட்டான். நான் அவனிடம் ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்.

"நீ குளிக்கையில கதவச் சாத்துறயா இல்லையா? உள்ள என்ன களவாணித்தனமா பண்ற?"

குழாயடியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அத்தே, குளிக்கிறது வேற, இது வேற. அதுக்குப் பேரு விபிஎன். தப்புப் பண்றவய்ங்கதேன் அதப் போடுவாய்ங்க. யூடியூப்புல சொல்றாய்ங்க."

"அப்ப அவன் வீட்டுக் கதவ மொதல்ல கழட்டி வைக்கச் சொல்லு, போ."

சனோபரைப் பற்றி இன்னும் சிலர் ஒரு மாதிரியாகப் பேசுவது என் காதில் விழுகிறது. அதனால்தான் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். சொல்வது நான், எழுதுவது பேத்தி பாண்டீஸ்வரி. அவள் வார்த்தையைத் திருத்திக்கொள்ளட்டும், சேதியில் கைவைக்க விடமாட்டேன்.

விளாங்குடியில் நல்லகாமனின் காம்பவுண்டில் எனக்கு அடுத்த வீடு சனோபருடையது. தெற்குவாசல் பக்கத்துப் பெண். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அனீஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவளுக்குக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிற தொழில். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் இருக்கிற இடத்துக்கு ஆம்பளை கேமராக்காரன் வரமாட்டான். அங்கே முக்காடு இல்லாமல் ஆடுவார்கள், பாடுவார்கள், மணப்பெண் வாய்விட்டுச் சிரிப்பாள். அதையெல்லாம் எடுப்பது, அடுக்குவது, ஆல்பம் போடுகிற இடத்துக்கு அனுப்புவது எல்லாம் சனோபர்தான். ஆல்பம் போடுகிற இடத்திலும் பெண்கள்தான் வேலை பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தாள்.

"இது அமானிதம் அப்பத்தா" என்பாள். நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

எங்கள் காம்பவுண்டு முழுவதற்கும் ஒரே நெட். நல்லகாமன் வாங்கி எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறான். அதற்கான பெட்டி அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எந்த வீட்டிலிருந்து நெட்டில் எங்கே போகிறார்கள் என்பது அவன் போனில் தெரியுமாம். தெரிந்தால் சும்மா இருப்பானா? ஒருநாள் எல்லோரும் இருக்கையில் அனீஸைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மாப்ள, நேத்துப் பூரா ஒன் வீட்டுல வளையக் கடையவே சுத்திக்கிட்டு இருந்தாக போல? பர்ஸ பத்திரமா வச்சுக்க!"

அனீஸ் சிரித்து மழுப்பினான். சனோபருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளே செல்போன் கடை முகேஷிடம் போய், அடுத்தவன் கண்ணில் படாமல் நெட்டில் போக என்ன வழி என்று கேட்டிருக்கிறாள். காசு கட்ட வேண்டாத விபிஎன் ஒன்றை அவன் ஏற்றிக் கொடுத்தான். அதிலிருந்து நல்லகாமனின் போனில் அவள் எங்கே போகிறாள் என்று ஒன்றும் தெரியவில்லை. ஏதோ நிறைய வெளியே போகிறது என்பது மட்டும் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் டீக்கடையில் வைத்துவிட்டான்.

அப்போது பார்த்து அந்த விபரீதம் நடந்தது. அஜ்மல் பீவி மகள் ஆயிஷா சித்திகாவின் கல்யாணத்தை சனோபர் எடுத்திருந்தாள். மருதாணிக் கையைக் கன்னத்தில் வைத்து ஆயிஷா சிரிக்கிற படம் ஒன்று, அழகுநிலையம் நடத்துகிற ஒரு பெண்ணின் இன்ஸ்டா பக்கத்தில் விளம்பரமாக வந்துவிட்டது. ஊரே பார்த்தது. நல்லகாமன் பேச்சும் இதுவும் சேர்ந்துகொண்டன. 'மறைச்சு மறைச்சு அனுப்புனாளே, வித்துட்டா' என்று ஆகிவிட்டது. பேசி வைத்திருந்த கல்யாண வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றன. பெண்கள் நம்பினால்தான் அவளுக்குத் தொழில். அந்த நம்பிக்கைதான் போய்க்கொண்டிருந்தது.

என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா, எங்க ஏரியாவுல பொம்பளைக படுதா போட்ட ஆட்டோவுல போவோம்ல? தெருவுல நிக்கிறவனுக்கு உள்ள யாருன்னு தெரியாது. விபிஎன்னும் அப்படித்தேன். நல்லகாமன் அண்ணனுக்குத் தெரியாது. ஆனா வண்டிக்காரனுக்குத் தெரியும்ல, எங்க ஏறுனா, எங்க எறங்குனான்னு?"

"தெரியத்தேன் செய்யும்."

"அந்த வண்டிக்காரன் யாருன்னே நான் கேக்கல. ஓசியில ஏத்திட்டுப் போறானே, டீசலுக்கு எங்க போறான்னும் கேக்கல. போட்டோவப் பாக்கணும்னு அந்த ஆப்பு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். வண்டி ஓட்டுறவனுக்கு எம் பெட்டிச் சாவி எதுக்கு?"

படம் அந்த வழியாகப் போயிருக்குமோ என்று அவளுக்குப் பயம். அஜ்மல் பீவியிடம் நேரில் போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன்.

"ஒனக்கே நெசமாத் தெரியாதத நீயாப் போயி எதுக்கு ஒத்துக்கிற? அவுக கேட்டா சொல்லு."

"அவுகளுக்குக் கேக்கத் தெரியாது அப்பத்தா. எனக்குத்தேன் தெரியும்."

சரி, போகிறவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. நானும் பஸ் ஏறினேன்.

அஜ்மல் பீவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. "என்ன மூஞ்ச வச்சுக்கிட்டு வந்த? எம் மருமகன் வீட்டுல எங்கள என்ன கேள்வி கேக்குறாக தெரியுமா?" என்று சத்தம் போட்டார். சனோபர் நின்றபடியே சொன்னாள்.

"என் பக்கத்துலருந்து போயிருக்கலாம் மாமி. போகாமயும் இருக்கலாம். எனக்கே தெரியல. தேடிக் கண்டுபிடிக்க ஒத்தாசை பண்ணுங்க."

உள்ளேயிருந்து ஆயிஷா வந்தாள். தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அக்கா, இது நீங்க பாக்கச் சொல்லி லிங்க்குல அனுப்புனதுல உள்ளது. ஆல்பத்துல வந்த கலர் வேற" என்றாள். பிறகு தாயின் போனை வாங்கினாள். விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"ம்மா, இந்த லிங்க்க நீ குரூப்புல போட்டியா?"

"சவூதியில இருக்குற சாச்சிமாருங்க பாக்கணுமில்ல? கல்யாணத்துக்கு வர முடியலைன்னு எம்புட்டு அழுதாளுக! நம்ம சொந்தக்காரங்க குரூப்புத்தானே?"

"மேக்கப் போட வர்ற நேரம் பேச அந்த பார்லர் அக்கா நம்பரையும் நீதானம்மா அதுல சேத்த!"

அஜ்மல் பீவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. இம்புட்டு நேரம் யாரைத் திட்டினீர்கள் என்று கேட்டுவிடலாமென்று வாயெடுத்தேன். சனோபர் என் கையை அமுக்கினாள்.

"தப்பு ஒங்களது மட்டும் இல்ல மாமி. யாரு கையில கெடச்சாலும் தொறக்குற மாதிரி லிங்க்க விட்டவ நான். விபிஎன் போட்டிருக்கோமே, எல்லாம் பத்திரம்னு நெனச்சுட்டேன். வண்டிக்குத்தேன் படுதா. எறக்கி வச்ச பெட்டிக்கு நான் பூட்டே போடல."

அன்றைக்கே ஆயிஷா அந்த அழகுநிலையப் பெண்ணிடம் பேசிப் படத்தை எடுக்க வைத்தாள். அஜ்மல் பீவி டீ போட்டுக் கொடுத்தார். ஆனாலும் மன்னித்தாரா, இனிமேல் கூப்பிடுவாரா, எதுவும் தெரியாமல்தான் திரும்பினோம்.

அதோடு விட்டிருக்கலாம். சனோபர் விடவில்லை. முகேஷ் ஏற்றிக் கொடுத்ததை எடுத்துப் போட்டாள். அந்த ஓசி வண்டிக்காரன் எதையாவது எடுத்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "தெரியாத ஆளுகிட்ட அமானிதத்தக் குடுத்ததே தப்புதேன்" என்றாள். பிறகு நல்ல ஆளாகத் தேடத் தொடங்கினாள்.

முதலில், எந்த விபிஎன் சிறந்தது என்று வரிசைபோட்டுச் சொல்கிற பக்கங்களைப் படித்தாள். எனக்கும் வாசித்துக் காட்டுவாள். எல்லாமே ஆகா ஓகோ என்றிருந்தன. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: எங்கள் மூலம் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் வரும்.

"அடி, இது தரகர் பேச்சுல்ல! தரகர் சொன்னதை வச்சா பொண்ணு குடுப்போம்?" என்றேன்.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயா விசாரிப்போம்? நாலு தெரு தள்ளித்தானே கேட்போம். அவளும் அப்படித்தான் கேட்டாள். கம்பெனி யாருடையது, பெயர் சொல்லி முன்னால் நிற்க ஆள் உண்டா, பிழைப்பு எதிலிருந்து ஓடுகிறது, நான் போகிற இடத்தைக் குறித்து வைப்பார்களா, வெளியாள் யாராவது உள்ளே போய்ச் சோதித்து அதை ஊரறியச் சொன்னார்களா, போலீசோ கோர்ட்டோ கேட்டபோது கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது. இங்கிலீஷில் எழுதிக் கேட்பாள். பதில் வந்தால் எனக்குத் தமிழில் சொல்வாள்.

அனீஸ் அலுத்துக்கொண்டான். "ஒரு ஆப்புக்கு இம்புட்டு விசாரணையா? என்னைய ஒங்க அத்தா இம்புட்டு விசாரிக்கலையே!"

"அதுக்கும் சேத்துத்தேன் இப்ப விசாரிக்கிறேன்" என்றாள்.

ஒரு கம்பெனி, உலகத்தில் எவனாலும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே நூற்றுக்கு நூறு பத்திரம் என்று எழுதியது. அதைத் தள்ளிவிட்டாள். இன்னொன்று, இப்போதே மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை, இன்று மட்டும்தான் என்று நெருக்கியது. அதுவும் போயிற்று. கடைசியாக ஒன்று பதில் எழுதியது: நீங்கள் போகிற இடங்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வெளியாள் சோதித்த அறிக்கை இதோ. ஆனால் நீங்கள் அனுப்புகிற லிங்க் எல்லோருக்கும் திறந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"தன்னால முடியாதத ஒருத்தன் தானாச் சொல்றான் அப்பத்தா" என்று குதித்தாள். அப்போதும் ஒரு மாதத்துக்குத்தான் பணம் கட்டினாள். பிடிக்காவிட்டால் இறங்கிக்கொள்ளலாமாம். பெரிய ஃபைல் போய்க்கொண்டிருக்கையில் வேண்டுமென்றே விபிஎன்னை அறுத்துவிட்டுப் பார்த்தாள். அனுப்புவது அப்படியே நின்றது. "படுதா கழண்டா வண்டி நிக்கணும். நிக்குது" என்றாள்.

பெட்டிக்கும் பூட்டு வந்தது. இப்போதெல்லாம் அவள் அனுப்புகிற படக்கட்டு, பேர் கொடுத்தவர்களுக்குத்தான் திறக்கும், கொஞ்ச நாளில் தானே மூடிக்கொள்ளும். திறக்கிற சொல்லை எழுதி அனுப்பமாட்டாள். வீட்டுப் பெண்ணிடம் நேரில் போய்க் காதில் சொல்லிவிட்டு வருவாள்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் நல்லகாமனின் பெண்டாட்டி தாமரைச்செல்வி மெதுவாக வந்து கதவைத் தட்டினாள். சனோபரைப் பற்றி அவளும் பேசியவள்தான்.

"ஏம்மா, நான் போனுல என்ன பாக்குறேன்னும் அந்த மனுசனுக்குத் தெரியுமா?"

"எந்தப் பக்கம் போறீகன்னு தெரியும்க்கா."

"அடப்பாவி! எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

நான் விடுவேனா? "ஏண்டி, தப்புப் பண்றவுகதேன் அதப் போடுவாகளாம்ல?"

"போங்கத்தே! முட்டி வலிக்கு மருந்து தேடுறேன். அத அவரு டீக்கடையில சொல்லவா?"

சனோபர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நல்லகாமன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அஜ்மல் பீவி போன் செய்தார். இளையவளுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறதாம்.

"பொம்பளைக பக்கம் நீதாம்மா வரணும். வேற யாரையும் உள்ள விட எனக்கு மனசு வரல."

சனோபருக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தும் உடனே சரி சொல்லவில்லை. "மாமி, கோவிச்சுக்காதீக. படம் பூட்டிதேன் வரும். சாச்சிமாருக்கு ஒவ்வொருத்தருக்கும் நானே தனியா அனுப்புறேன். நீங்க யாருக்கும் அனுப்பக் கூடாது."

"எனக்கே பூட்டா!" என்று அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "போடும்மா, போடு. எனக்குத்தான் மொதல்ல போடணும்."

கல்யாணத்தன்று காலையில் கேமராப் பையை ஒரு தோளிலும் லேப்டாப்பை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலை அடைத்து நின்ற தன் பைக்கை நல்லகாமன் தானாகவே தள்ளி நிறுத்தினான்.

"வேலைக்காம்மா? எந்தப் பக்கம்?"

"வேலைக்குத்தேண்ணே. எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சனோபர் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.

"வாரேன் அப்பத்தா" என்றாள். போய்விட்டாள்.