பாயாத நடவடிக்கை

செங்கல்பட்டில் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபராகப் பதினோரு வருடம் இருந்தவர் கலைவாணன். அவர் எழுத்தில் எல்லாமே பாயும். குண்டர் சட்டம் பாயும், வழக்கு பாயும், முட்டுக்காடு வளைவில் கார் பள்ளத்தில் பாயும். ஒருமுறை மாமல்லபுரத்தில் நடைபாதைக் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'நோட்டீஸ் பாய்ந்தது' என்று அனுப்பினார். பசை தடவி ஒட்டிய காகிதம் எப்படிப் பாயும் என்று யாரும் கேட்கவில்லை. செய்தி ஆசிரியர் பார்த்தசாரதிக்கும் அந்தச் சொல் பிடிக்கும். தலைப்பில் கச்சிதமாக அடங்கும்.

சென்ற ஆண்டு படாளம் பக்கத்தில் ஓர் ஏரியில் அளவுக்கு மீறி மண் அள்ளினார்கள். கலைவாணன் அங்கே போகவில்லை. அதிகாரி ஒருவரிடம் போனில் பேசிவிட்டு, 'மண் கொள்ளையர் மீது நடவடிக்கை பாயும்' என்று எழுதினார். மறு மாதமும் அதையே எழுதினார். மூன்றாம் முறை வந்த அன்று, அந்த ஏரிப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் பயிரிடும் வேண்டா என்ற பெண், பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, டீக்கடையில் அவரைப் பிடித்தார்.

"பேப்பர்ல எழுதறது நீதான? நடவடிக்க பாயுதுன்னு மூணு வாட்டி போட்டுகீற. எந்தப் பக்கமா பாயுது? எங்க ஏரிக்கு வழி தெரியலியா அதுக்கு?"

"அதிகாரி சொன்னாரும்மா."

"அவரு சொல்வாரு. நீ வந்து பாத்தியா? தண்ணியே பாயல நைனா. நாத்து காஞ்சிகினு கீது."

டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். கலைவாணனுக்குக் காது சுட்டது. அந்த ரோஷத்தில் வேண்டாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனார். தண்ணீர் இருந்தது. ஆனால் மதகை விட ஆள் உயரம் ஆழமாகத் தோண்டிய குழிகளில் கிடந்தது. பட்டப்பகலில் பொக்லைன் ஒன்று சாவகாசமாக மண் அள்ளிக்கொண்டிருந்தது.

கயிறு விட்டு ஆழம் பார்த்தார், படம் எடுத்தார், லாரி எண்களோடு எழுதினார்: 'மதகுக்குக் கீழே ஆறடி தோண்டியிருக்கிறார்கள். யார் மீதும் நடவடிக்கை இல்லை.'

பார்த்தசாரதி போனில் வந்தார். "என்னய்யா, சப்புனு இருக்கு? பாயுற மாதிரி எதுனா போடு."

"எதுவும் பாயல சார். அதான் செய்தியே."

அப்படியே அச்சானது. மூன்று முறை எழுதியும் அசையாத நிர்வாகம் இரண்டே நாளில் அசைந்தது. ஏரிக்குள் அத்துமீறி நுழைந்து வேலையைத் தடுத்ததாக மண் அள்ளும் ஒப்பந்தக்காரர் புகார் கொடுக்க, கலைவாணன் மேல் வழக்குப் பதிவானது. 'நிருபர் மீது பாய்ந்தது வழக்கு' என்று அவருடைய பத்திரிகையே போட்டது. கையோடு அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டது.

லாரி எண்கள் வெளியில் வந்ததால் பொக்லைன் ஒரு வாரம் தலைகாட்டவில்லை. அதற்குள் ஊரார் டீசல் இன்ஜின் வைத்துக் குழித் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைத்தார்கள். வேண்டாவின் பயிர் தப்பியது. கடைமடை வயல்கள் கருகின.

இப்போது கலைவாணன் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போகிறார். சாட்சி சொல்ல வேண்டாவும் வருகிறார். போன முறை வக்கீலிடம் கேட்டார்: "நானுந்தான அன்னிக்கு உள்ள நின்னுகினு இருந்தேன்? எம்மேல ஏன் கேஸ் போடல?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார். "நீங்க பேப்பர்ல எழுதலையேம்மா" என்றார்.