மடியில் எடுத்த பரிசோதனை

என் மகளுக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று பார்க்கும் அறையில், இரண்டு முறை அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு முறையும் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். இதுவரை குறையவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். இரண்டரை வயதில்தான் காது குறைவு என்று தெரிந்தது. இரண்டு காதிலும் மிஷின் வைத்தார்கள். நாங்கள் போவது மைசூரில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பல்கலைக்கழக கிளினிக். காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் மாணவர்களே செய்வார்கள். மேலே ஒரு மேடம் இருந்து பார்த்துக்கொள்வார். சில மாதங்களில் அந்த மாணவர்கள் வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். அங்கே யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் ‘அப்பா’, என் மனைவி ‘அம்மா’.

முதல் ஒன்றரை வருஷம் மனைவிதான் கூட்டிப் போனாள். பிறகு அவளுக்கு முதுகுவலி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற முடியாமல் போனது. நான் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். கேட்டு இரண்டாம் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். காலையில் கிளினிக், மதியம் வேலைக்கு ரயில்.

பரிசோதனை ஒரு விளையாட்டுபோலத்தான் இருக்கும். காதில் மிஷினோடு இருக்கும் குழந்தை கையில் ஒரு மர வளையம் கொடுப்பார்கள். அதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டதும் முன்னாலிருக்கும் குச்சியில் வளையத்தைப் போட வேண்டும். போட்டால் கைதட்டுவார்கள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் அவள் வளையம் போடுவதை நிறுத்துகிறாள் என்று குறித்துக்கொள்வார்கள். என் மகள் தனியாக அந்த அறையில் உட்கார மாட்டாள், அழுவாள். அதனால் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். அதில் தொடர்ந்து இரைச்சல் மட்டும் வரும்.

இரண்டாவது முறை போனபோது எங்களுக்கு வந்திருந்த மாணவி திண்டுக்கல் பக்கத்துப் பெண். நாங்கள் தமிழ் என்பதால் அவளை எங்களுக்குப் போட்டிருந்தார்கள்.

“அப்பா, இது உங்களுக்கு. சத்தம் கேட்டா நீங்க பாப்பாவப் பாப்பீங்க, பாப்பா உங்களப் பாக்கும். அதுக்குத்தான் இந்த இரைச்சல்.”

“நான் பாக்க மாட்டேம்மா.”

“எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க. பரீட்சை பாப்பாவுக்கு, உங்களுக்கு இல்ல. பயப்படாம உக்காருங்க.”

சிரித்துக்கொண்டே என் தலையில் அதை மாட்டிவிட்டாள். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும், முதல் முறை செய்ததையே நான் மறுபடியும் செய்தேன். சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய் இடது காதுப் பக்கம் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டேன். தலையைத் திருப்பி வைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் கண்ணாடியிலிருந்து தெரியாது.

ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு சத்தம் வருகிறது, அது அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமல் அந்த இருபது நிமிஷம் என்னால் உட்கார முடியாது. சத்தம் வரும்போது அவளைப் பார்க்கக் கூடாது என்று எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு வளையமாகப் போட்டாள். ரொம்பச் சின்னச் சத்தத்துக்கும் போட்டாள்.

ரிசல்ட் பேப்பரில் கோடு முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. அதை ஃபைலில் வைத்து, மகளை வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் மனைவிக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. அவள் மார்டள்ளிக்காரி, கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊர். சண்டை போடும்போதும் ‘ங்க’ விடாமல் பேசுவாள்.

“நீங்க எதுக்க நின்னு கூப்பிட்டாத் திரும்பறா. நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டா அசையறதே இல்லீங்க. முன்னாடியெல்லாம் திரும்புவாளுங்க.”

“விளையாட்டு மும்முரத்துல இருப்பா.”

“சாப்பாடுங்கறத ஆப்பாடுங்கறா. போன தீபாவளிக்கு நல்லாச் சொன்னாளுங்க.”

நான் ஃபைலை எடுத்து வந்து அவள் முன் விரித்தேன். “இந்தா, பேப்பரப் பாரு. போன தடவை எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு. நாள் பூரா வீட்டுலயே இருந்தா இப்படித்தான் எதையாவது நினைச்சுக்கத் தோணும்.”

அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாணவிக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சியின்போது வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு சில ஒலிகளைச் சொல்வாள். ‘ஆ’வுக்கும் ‘ஊ’வுக்கும் மகள் கையைத் தூக்கினாள். ‘ஸ்’ஸுக்கும் ‘ஷ்’ஷுக்கும் தூக்கவில்லை. மாணவி மிஷினின் பேட்டரியை மாற்றினாள். காதுக்குள் போகும் அச்சைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். மிஷினைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் ‘ஊ’வுக்கும் கை எழவில்லை.

“அப்பா, பேப்பர் ஒண்ணு சொல்லுது, பாப்பா ஒண்ணு சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல. மேடத்தக் கூப்பிடறேன்.”

மேடம் வந்து ஃபைலைப் புரட்டினார். ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுபவர். மறுபடியும் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். என்னைப் பார்த்து, “நீவு ஹொரகடெ கூத்கொள்ளி சார்” என்றார். நான் வெளியே உட்கார வேண்டும். மகளோடு உள்ளே அவரே உட்காரப் போகிறார். மகள் அழுதாள். அவர் பொறுமையாக இருந்து, ஒரு பொம்மையைக் கொடுத்து, அவளைத் தனி நாற்காலியில் உட்கார வைத்தார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாணவியின் பின்னால் நின்றேன். அவள் பொத்தானை அழுத்தினால் முன்னாலிருக்கும் பரிசோதனைப் பெட்டியில் சிறிய பச்சை விளக்கு எரியும். சத்தம் போகிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்தது. மகள் வளையத்தைக் கன்னத்தில் வைத்தபடி இருந்தாள். மாணவி குமிழை ஒரு படி திருகி மறுபடியும் அழுத்தினாள். விளக்கு எரிந்து அணைந்தது. மகள் வளையத்தை வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். திரும்பத் திரும்ப விளக்கு எரிந்தது. ஒரு கட்டத்தில் கண்ணாடியைத் தாண்டி எனக்கே அந்தச் சத்தம் லேசாகக் கேட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள். அதற்கும் மேலே இரண்டு படி போன பிறகுதான் வளையத்தைப் போட்டாள். போட்டுவிட்டு, கைதட்டிய மேடத்தைப் பார்க்காமல் பின்னால் திரும்பி என்னைத் தேடினாள்.

மேடம் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து மாணவியிடம் கன்னடத்தில் கேட்டார். எனக்கு நன்றாகவே புரியும் கன்னடம்தான். அப்பாவுக்கு ஹெட்போன் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய், அதை அவர் ஒழுங்காகப் போட்டிருந்தாரா, பார்த்தாயா?

“போட்டிருந்தார் மேடம்.”

“கடைசிவரைக்கும்?”

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளிடமிருந்து பார்வையை எடுத்து மகளின் செருப்பைப் பார்த்தேன். வார் கழன்றிருந்தது. குனிந்து அதை மாட்டினேன். மாட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் குனிந்திருந்தேன். “நான்தான் சரியாப் பாக்கல மேடம்” என்று மாணவி சொன்னது கேட்டது.

ஹெட்போனைத் தள்ளிவிட்டதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு அப்போது நிஜமாகவே விளங்கவில்லை. நான்தான் அசையவே இல்லையே, சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது விளங்கியது. வீட்டில் பழக்கப்படுத்த நாங்களும் ஒரு குச்சியும் வளையங்களும் வாங்கி வைத்திருந்தோம். மகள் அதை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் ஏறினாள். வளையத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் நியூஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எந்தச் சத்தமும் செய்யவில்லை. டி.வி. கூட ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போய் வலது தொடையை லேசாக அசைத்தேன். டக்கென்று வளையம் குச்சியில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கைதட்டினாள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன். அவள் அடுத்த வளையத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். தொடையை மெல்ல இறுக்கினேன், வெளியே தெரியாத அளவுக்கு. வளையம் விழுந்தது. மறுபடியும் இறுக்கினேன். விழுந்தது. ஒரு முறைகூடத் தவறவில்லை.

அந்த அறையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்பு இறுகியிருக்கிறது. மூச்சு நின்றிருக்கிறது. அவளுக்கு அதுதான் விளையாட்டு. அப்பா இறுகினால் வளையத்தைப் போட வேண்டும். அந்த ரிசல்ட் பேப்பரில் இருந்தது நாற்பத்தெட்டு வயதான என் காது. ஃபேக்டரியில் எடை மிஷின் இருக்கும் மேஜையில் யாரும் கை ஊன்றக் கூடாது, எடை தப்பாகக் காட்டும் என்று என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். கை ஊன்றியதற்காக ஒரு ஆளை ஷிஃப்ட் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

மனைவியைக் கூப்பிட்டு மடியிலேயே அதைச் செய்து காட்டினேன். ஹெட்போன் விஷயத்தையும் சொன்னேன். அவள் நின்றபடியே பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

“பேப்பரப் பாருன்னு சொன்னீங்களே” என்றாள். பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாள், அந்த முதுகுவலியோடு.

பிறகு தூங்க வைத்து எடுக்கும் பரிசோதனை செய்தார்கள். அதில் தலையில் ஒட்டும் ஒயர்கள் மட்டும்தான், அப்பாவின் மடி கிடையாது. கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. சில குழந்தைகளுக்குப் படிப்படியாக இப்படிக் குறைந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். இனி மிஷின் போதாது, காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன்தான் என்றார். அதுபாட்டுக்குப் போன காதை நான் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் போகிறது என்பதை மறைத்துவிட்டேன். முதல் பேப்பரிலிருந்து எண்ணினால் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவள் சொற்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஏழு மாதம் கையில் இருந்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். “அதை யாரும் சொல்ல முடியாது” என்றார். கொஞ்சம்தான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மேடத்திடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. போகும்போதெல்லாம் அடுத்த முறை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அவத்தே ஹேளபேகித்தல்லா சார்.” அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை.

“அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசணும் மேடம். தப்பு அது மேல இல்ல.”

அவள் கிளினிக்கில் இல்லை. அவளுடைய முறை முடிந்து கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் குழுவில் போட்டிருந்தார்கள். சொல்லிவிடுகிறேன் என்றார் மேடம். ஃபைலைத் திறந்து, என் முன்னாலேயே அந்த இரண்டு பேப்பர்களின் குறுக்கேயும் கோடு போட்டு, நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாணவியிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாகிறது. காதுக்குப் பின்னால் வட்டமான ஒரு கருவி ஒட்டியிருக்கிறது. சத்தம் போகிறது என்கிறார்கள். அது என்ன சத்தம் என்று அவள் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ‘சாப்பாடு’ திரும்பி வந்தது, பாதி. மனைவிதான் முதலில் கேட்டாள்.

வீட்டில் குக்கர் விசிலடித்தால் மகள் சில சமயம் அடுப்படிப் பக்கம் திரும்புகிறாள். பல சமயம் விளையாட்டை விட்டு எழுந்து என்னிடம் வந்து, என் தொடைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முகத்தைப் பார்க்கிறாள். அப்போது நான் அசையாமல் இருக்க வேண்டும் என்று இப்போதிருக்கும் மாணவி சொல்லியிருக்கிறாள். இருக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு போகிறாள்.

பரிசோதனைக்கு இன்னமும் நான்தான் கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் முன்னால் அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்ததால், அங்கேயும் நிற்க வேண்டாம் என்றார்கள். இப்போது தாழ்வாரத்தின் கடைசியில், படிக்கட்டுப் பக்கம் இருக்கும் பெஞ்சில் உட்காருகிறேன். உள்ளே விளக்கு எரிகிறதா, வளையம் விழுகிறதா என்று அங்கிருந்து தெரியாது. கதவு திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.