அமுதா அடித்துக் கொடுத்த பெயர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. “அக்கா, எங்க புஜ்ஜி பூட்டாக்கா” என்று ஒரு பெண் அழுதாள். புஜ்ஜி என்று எனக்கு யாரையும் தெரியாது. தவறான எண் என்று சொல்ல வாயெடுத்தேன். “டி.நகர்ல வெள்ளில பேரு அடிக்குமே, அதுதான்க்கா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...” பேசியது அமுதாவின் தங்கை. அமுதாவுக்கு வீட்டில் இப்படி ஒரு பெயர் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய கழுத்துச் சங்கிலியிலோ பிள்ளைகளின் காப்பிலோ அவள் கை பட்டிருக்கும். பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், ஒரு வெள்ளிக்கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். எஃகு எழுத்தச்சை வெள்ளியின் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், பஸ் மாறி மாறி அந்த மேசைக்கே வந்துகொண்டிருந்தாள்.

ஒருமுறை ஓர் இளைஞன், காதலியின் பெயருக்குக் கீழே ‘எனக்கு மட்டும்’ என்று அடிக்கச் சொன்னான். “பேரு போடறேன் நைனா. மத்தத அந்தப் பொண்ணக் கேட்டுக்கினு வா” என்று அனுப்பிவிட்டாள். அவன் திரும்பி வரவே இல்லை. அதை நினைத்து நினைத்துச் சிரிப்பாள்.

நான் அவளிடம் முதலில் போனது அப்பாவுக்காக. அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது; மந்தைவெளி வீட்டிலிருந்து சொல்லாமல் வெளியே போய்விடுவார். ஒரு வெள்ளிக் காப்பில் என் தொலைபேசி எண்ணையும், அப்பாவின் முழுப்பெயரையும் இனிஷியலோடு அடித்துத் தரக் கேட்டேன். அமுதா நான் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துவிட்டு, “இப்டிக் கூப்ட்டா திரும்பிப் பார்ப்பாராக்கா?” என்றாள்.

அந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

“நம்பரு மத்தவங்களுக்கு. பேரு அவருக்கு. சின்ன வயசுல இன்னான்னு கூப்டுவாங்க?”

அத்தையிடம் போனில் கேட்டுச் சொன்னேன். தட்டையான வெள்ளிப் பட்டையில் எண்ணை அடித்து, அதன் கீழே ‘துரை’ என்று அடித்தாள். பிறகு அதை வளைத்துக் காப்பாக்கிக் கொடுத்தாள்.

நான் பயந்தபடியே ஒருநாள் அப்பா காணாமல் போனார். தேடித் தேடி ஓய்ந்தபோது, மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஒருவர் போன் செய்தார். கையைப் பிடிக்க வந்தவர்களையெல்லாம் அப்பா உதறித் தள்ளியிருக்கிறார். இந்த அம்மா காப்பைப் படித்துவிட்டு, “துரை, இங்க வா, குந்து” என்றதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் ஓடிப்போய் அமுதாவிடம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டவள், “கொய்யா துன்னாரா?” என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அப்பாவை அவளிடம் அழைத்துப்போனேன். “துரை, கையக் காட்டு” என்றாள். காப்பைக் காட்ட நீட்டிய கையால் அவர் அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அச்சைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் விரல்களைப் பிரிக்கப் போனேன். “வுடுக்கா. அவரா வுடட்டும்” என்றாள். அன்று மாலை வெகுநேரம் அந்த மேசையில் வேலை நடக்கவில்லை.

போன வருஷம் அப்பா இறந்துபோனார். அதன் பிறகு எனக்கு அந்தத் தெருவில் வேலையில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் போனேன். “இன்னாக்கா, சும்மாவா?” என்று கேட்டபடி ஸ்டூலிலிருந்து தன் பையை எடுத்து இடம் தருவாள். நான் எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். அவள் சுத்தியலை ஓங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்துவேன். அடி விழுந்ததும், தலை நிமிராமலே, “ஆங், சொல்லு” என்பாள். நான் எங்கே விட்டேன் என்று எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது.

நேற்றும் போனேன். மேசை இருந்த இடத்தில் வாடிக்கையாளர்களின் செருப்புகள் கிடந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த “ஆங், சொல்லு”தான். யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால் இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியது மட்டும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது.