கடைசிப் பாடத்தை ஒட்டியவள்

மைதாப் பசை காய்ச்சும்போது இலேசான புளிப்போடு ஒரு வாசனை வருமே, அது இன்றைக்கும் எனக்கு ஆகாது. நவராத்திரிக்குக் காகிதத் தோரணம் ஒட்ட மருமகள் பசை கிண்டினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கிழவிக்கு மூக்கு நீளம் என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். நாற்பதுகளில் மயிலாப்பூரில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பசை ஒரு தகரக் குவளையில் வரும். அதைத் தொட்டு ஒட்டியவள் என் அக்கா.

ஒட்டியது சுகாதாரப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை. சுகாதாரம் ஒப்புக்கு வைத்த பாடமல்ல. கணக்கு, பூகோளம் மாதிரி அதற்கும் பரீட்சை உண்டு. தவறினால் மேல் வகுப்பு கிடையாது. கொசு, காலரா, எலும்புகளின் பெயர் எல்லாவற்றையும் உருப்போடுவோம். கடைசிப் பாடம் மட்டும் தாய்மை பற்றியது. பெண் பெரியவளாவது ஏன், கரு எப்படி உண்டாகிறது, பிள்ளைத்தாய்ச்சி எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று ஆறு பக்கம். இதைச் சொல்லிக்கொடுத்தால் பெண்ணை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் சிலர் வந்து சத்தம் போட்டார்களாம். பெண்கள் நின்றுபோவதைவிடப் பக்கங்கள் ஒட்டிக்கொள்வது மேல் என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து புத்தகங்களைப் பள்ளிக்கூடமே மொத்தமாக வாங்கி, ஒட்டி, காயவைத்து, பிறகுதான் எங்கள் கையில் கொடுக்கும்.

சுகாதார டீச்சர் சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும். "ஓரத்துல மட்டும் தடவுங்கம்மா, நடுவுல வேணாம்" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார்.

அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். கிழித்த கோட்டைத் தாண்டாதவள். படிக்காமல் ஒட்ட வேண்டும் என்றார்கள். நாற்பது புத்தகத்தையும் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டே ஒட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பழைய துணியால் துடைத்துக்கொடுத்த எனக்கோ, வேண்டாம் என்றால்தான் வேண்டும். ஒட்டிய தாள்களை மேலே பசை படாத இடத்தில் விரலால் அகட்டி, வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எழுத்துத் தெரியும், கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒரு வாரத்தில் ஆறு பக்கத்தையும் அப்படியே படித்துவிட்டேன். அக்காவிடம் சொல்லப் போனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லாதடி. டீச்சர் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகித் திரும்பிய மறுவருஷம் அவளுக்குக் கல்யாணமாயிற்று. படிப்பு நின்றது. மந்தைவெளியில் எங்கள் வீடு, மேற்கு மாம்பலத்தில் மாப்பிள்ளை வீடு. ஒன்பதாம் மாதம் அங்கேயே வளைகாப்பு நடத்தி அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அப்போது அவளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது.

வளையல் மூன்றாவது ஜோடியிலேயே நின்றுவிட்டது. கை அவ்வளவு உப்பியிருந்தது. "கை எப்படி பூரிச்சுக் கீது பாரு, ராஜாவாட்டம் புள்ள பொறக்கப்போவுது" என்று அவள் மாமியார் திருஷ்டி கழித்தார். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சோப்பு கொண்டுவரச் சொல்லி என்னைத்தான் ஏவினார்கள். அக்காவின் கையில் நுரை தடவி, ஒவ்வொரு வளையலாக நான்தான் நெருக்கி ஏற்றினேன். என் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. கையும் முகமும் வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண்ணும் மங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அந்தப் பாடத்தில் இருந்தது.

சாயங்காலம் ஜட்கா வண்டியில் அம்மாவும் அக்காவும் நானும் திரும்பினோம். மாட வீதியில் திரும்பும்போது அக்கா என் காதருகில், "இன்னாடி, கோபுரம் புகையாட்டம் தெரியுது?" என்றாள்.

"தலை வலிக்குதாக்கா?"

"ரெண்டு நாளா மண்டையப் பிளக்குது. உனக்கெப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போனேன். "அக்காவ டாக்டரம்மாகிட்ட காட்டலாம்மா. கை வீங்கிக் கீது. கண்ணு மங்குதாம்."

"புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருப்பா." அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "உனக்கு யாருடி இதெல்லாம் சொன்னது? பள்ளிக்கூடத்துல இன்னாத்த படிச்சிக்கினு கீற?"

என் படிப்பு அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் மறுநாளே நின்றுவிடும், அடுத்து எனக்கும் மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்" என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கே படித்தேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் கைகால் வெட்டி இழுப்பு வந்தது. காத்து கருப்பு என்றார்கள் அக்கம்பக்கத்தார். வேப்பிலை அடிக்க ஆள் வந்து, அதிலேயே பாதிப் பொழுது போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, வீக்கம் எத்தனை நாளாக என்பதுதான். நான் தரையைப் பார்த்தேன். பொழுது சாயுமுன் பிள்ளையும் போயிற்று, அவளும் போனாள். வளையல்களைக் கழற்றப் பார்த்து முடியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் படித்தேன். பிடிவாதமாகப் படித்து நானும் சுகாதார டீச்சரானேன். முப்பது வருஷம் கடைசிப் பாடத்தையே முதல் பாடமாக நடத்தினேன். திட்டு வாங்கினேன், மாற்றலும் வாங்கினேன். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடமாக வைக்கலாமா, பிள்ளைகள் கெட்டுப்போகாதா என்று இன்றைக்கும் பத்திரிகையில் பெரிய மனிதர்கள் விவாதிக்கிறார்கள். படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறேன். அவர்கள்மேல் கோபப்படும் யோக்கியதை எனக்கு உண்டா என்றுதான் தோன்றுகிறது. அவர்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. ஒரு பிற்பகல், அவள் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன். உன் படிப்பையும் நிறுத்தியிருப்பேன்" என்றாள். கையிலிருந்த காயைத் தட்டில் போட்டாள். "அப்புறம் மனசு கேக்காம, காலையில வண்டி கூப்ட்டுக்கினு அவள டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போயிருப்பேன்டி."

இரண்டு அறைதானே. வாங்கிக்கொண்டிருக்கலாம்.